கடலூர் நாலு தாள் ஒட்டுவேலை: மூன்றாம் சுற்றில் பாலம் உட்கார்ந்தது

கடலூரைக் காட்டும் நாலு பழைய டோப்போஷீட்டை (சர்வே ஆஃப் இந்தியாவின் நில வரைபடத் தாள்) ஸ்கேன் செய்து, செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தும்படி ஒரே படமாக ஒட்டும் வேலை இது. தாளில் இருக்கும் கெடிலத்து ரயில் பாலம் ஒருவழியாகச் செயற்கைக்கோள் படத்துப் பாலத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. விலகல் 18 மீட்டர். 1:50,000 தாளில் அது 0.36 மில்லிமீட்டர், அதாவது அச்சுக் கோட்டின் தடிமன். இதற்கு மேல் இந்தத் தாளிடம் கேட்பது பேராசை.

கடலூரை டோப்போஷீட்டில் பார்க்க நினைப்பவர்களுக்கு முதல் எரிச்சல் தாள் எண்தான். 11°45' அட்சக்கோடு மஞ்சக்குப்பத்தை ஒட்டிப் போகிறது. 79°45' தீர்க்கக்கோடு ஊருக்குச் சற்று மேற்கே. இரண்டும் வெட்டும் இடத்தில் நாலு தாள் சேருகின்றன: 58 எம்/9, 10, 13, 14. புதுச்சேரி நகரம் 13-இல் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. கடலூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துறைமுகமும் திருப்பாதிரிப்புலியூரும் 14-இல், நெல்லிக்குப்பம் 9-இல். பாகூரும் அந்தத் தீர்க்கக்கோட்டை ஒட்டித்தான் கிடக்கிறது. ஒரு ஊரைப் படிக்க நாலு தாளை விரித்து வைத்துக்கொண்டு தவழ வேண்டும். அதனால்தான் இந்த ஒட்டுவேலை.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. ஒரு தாள் 15 மினிட் உயரம், 15 மினிட் அகலம் (60 மினிட் ஒரு டிகிரி). அந்த உயரம் இந்த அட்சத்தில் 27.65 கி.மீ., தாளில் 55.3 செ.மீ. அகலம் 54.5 செ.மீ. ஏ4 ஸ்கேனரில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது வீண் வேலை. புளூபிரிண்ட் கடை ரோல் ஸ்கேனருக்குக் கொண்டுபோங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), டிஃப் கோப்பு, "தானாக நேராக்கு" என்பதை அணைத்துவிடச் சொல்லுங்கள். பிடிஎஃப்பாகத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். ஓரங்களோடு ஒரு தாள் 200 எம்பி பக்கம் வரும். 300 டிபிஐயில் ஒரு பிக்சல் நிலத்தில் 4.2 மீட்டர், போதும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சோதனை. தாளுக்குள் 5 மினிட்டுக்கு ஒரு குறி இருக்கும். இரண்டு குறிக்கு நடுவே வடக்கு தெற்காக 18.43 செ.மீ., ஸ்கேனில் 2177 பிக்சல். மூன்று துண்டையும் தனித்தனியாக அளங்கள். மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தால் காகிதம் சுருங்கியிருக்கிறது, அல்லது ரோலர் சீராக இழுத்திருக்கிறது. பாலினாமியல் 1 (தாள் முழுவதையும் ஒன்றுபோல நீட்டி, சுருக்கி, திருப்பும் கணக்கு) அதைச் சரிக்கட்டிவிடும். 2176, 2175, 2148 என்று கடைசித் துண்டு மட்டும் குட்டையாக வந்தால் ரோலர் நடுவில் வழுக்கியிருக்கிறது. திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. கடலோர ஈரக்காற்றில் கிடந்த தாள் என்றால் ஒரு நாள் பலகைக்கு அடியில் அழுத்தி வைத்துவிட்டுக் கொண்டுபோவது நல்லது. மடிப்பு விழுந்த இடத்தில்தான் ரோலர் வழுக்கும்.

இனி இரண்டு சுற்றைத் தின்ற விஷயம்.

முதல் சுற்றில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ஜியோரெஃபரன்சரில் (ஸ்கேனில் உள்ள புள்ளிகளை அவற்றின் அட்ச, தீர்க்க எண்களோடு பொருத்தும் கருவி) தாளுக்கு 16 புள்ளி வைத்தாயிற்று. 5 மினிட் குறிகள், நாலுக்கு நாலு. ஆயத்தொலை முறை கேட்ட இடத்தில் வழக்கம்போல டபிள்யூஜிஎஸ் 84, அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறை. மீதிப்பிழை (பொருத்திய பிறகும் புள்ளிகள் விலகி நிற்கும் அளவு) 1.8 பிக்சல்தான். அழகாக இருக்கிறதே என்று செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டால், தேவனாம்பட்டினத்துக் கடலோரக் குடியிருப்பு மணலைத் தாண்டி அலைப் பக்கம் நகர்ந்து நிற்கிறது. தாளில் இருக்கும் கரைக்கோடு இன்றைய கரைக்கு 160 மீட்டர் கிழக்கே.

இந்த இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். "பார், கடல் இத்தனை மீட்டர் ஊரை விழுங்கியிருக்கிறது" என்று படம் போட்டுவிடுவார்கள். கடலரிப்பு இந்தக் கரைக்குப் புதிதல்ல, அதனால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆனால் அதே படத்தில் மேற்கே திரும்பி ரயில் பாலத்தைப் பார்த்தால் அதுவும் 160 மீட்டர் கிழக்கே போயிருந்தது. கூடவே தெற்கே இன்னொரு 165. பாலத்தைக் கடல் அரிக்கவில்லை. தாள் முழுவதுமே தென்கிழக்கே சரிந்து கிடக்கிறது.

காரணம் தாளின் ஓரத்தில் இருக்கும் எண்கள். பழைய டோப்போஷீட்டின் 79°45' எவரெஸ்ட் நீள்கோளத்தின் (பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கு உருவம்) மேல் அளந்த 79°45'. ஜிபிஎஸ் சொல்லும் 79°45' வேறு கோளம், வேறு மையம். நம்ம பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் குறுக்காக அளந்தால் 230 மீட்டர் பக்கம், தாளில் நாலரை மில்லிமீட்டர். மீதிப்பிழை இதைக் காட்டாது, காட்டவும் முடியாது. 16 புள்ளியும் ஒன்றுபோலத் தப்பாக இருந்தால் அவை ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் போகும். வகுப்பு முழுக்க ஒரே பேப்பரைப் பார்த்து எழுதினால் விடை ஒத்துப்போகாமல் இருக்குமா?

இரண்டாம் சுற்று அதைவிட மோசம். கட்டப் புள்ளிகளை விட்டுவிட்டு நிலத்தில் தெரியும் புள்ளிகளைப் பிடிக்கலாம் என்று பெண்ணையாற்று முகத்துவாரம், உப்பனாறு கடலில் சேரும் இடம், நாலு ஏரி நீர்விளிம்பு எல்லாம் சேர்த்தது. முகத்துவாரத்து மணல்திட்டு மழைக்கு மழை இடம் மாறும். ஏரியின் நீலம் தாளில் நிறைகொள்ளளவைக் காட்டுகிறது. செயற்கைக்கோள் படத்தில் பாதி ஏரி வறண்டு கிடக்கிறது. மீதிப்பிழை 40 பிக்சலுக்கு ஏறிவிட்டது. அதை மறைக்கத் தின் பிளேட் ஸ்பிளைன் போட்டால் பிழை பூஜ்யம்! அந்த முறை எல்லாப் புள்ளியையும் வலுக்கட்டாயமாக அதனதன் இடத்தில் குத்திவிடும், நடுவில் தாள் ரப்பர் மாதிரி இழுபடும். ரயில் பாதை பாம்பாக நெளிந்திருந்தது. நேர்கோடாக ஓட வேண்டிய தண்டவாளம் நெளிந்தால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

மூன்றாம் சுற்றில் செய்தது இவ்வளவுதான். திரும்பவும் அதே 16 குறி, ஆனால் ஆயத்தொலை முறை கல்யாண்பூர் 1975 (எவரெஸ்ட் கோளத்தை வைத்த இந்திய முறை), மென்பொருளில் எண் 4146. பாலினாமியல் 1, மூன்று புள்ளி போதும் என்றாலும் 16-ஐயும் வைத்தது. பிறகு டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றும்போது 295, 736, 257 என்ற மூன்று நகர்வு எண்களைக் (மீட்டரில்) கொண்ட மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மென்பொருள் சில சமயம் எதுவும் கேட்காமல் "நகர்வு இல்லை" என்று போட்டுவிடும். அப்போது 4146 கொடுத்தும் பயனில்லை, முதல் சுற்றுதான் திரும்ப வரும். அந்த மூன்று எண்ணிலேயே பத்துப் பதினைந்து மீட்டர் சந்தேகம் உண்டு, 18 மீட்டர் எங்கிருந்து வந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சரிபார்க்கும் புள்ளிகளை ஒட்டும் புள்ளிகளோடு கலக்கக் கூடாது. சரிபார்க்க நல்லவை: ரயில் பாலம், லெவல் கிராசிங், பாடலீசுவரர் கோயில் குளம் மாதிரி சதுரக் குளத்தின் மூலை. மீட்டர் கேஜ் அகலப் பாதையான பிறகு பாலத்தைப் பக்கத்தில் தள்ளிக் கட்டியிருந்தாலும் தாளில் அரை மில்லிமீட்டர்கூட வராது. ஆகாதவை: கரை, முகத்துவாரம், ஊர்ப்பெயர் எழுத்து. எழுத்தை இடமிருக்கும் பக்கம் போட்டிருப்பார்கள்.

நாலு தாளும் சேரும் மூலையில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் பூமி உருண்டை என்று காரணம் சொல்லாதீர்கள். இந்த அளவுத் தாளில் வளைவால் வரும் இடைவெளி 0.01 மில்லிமீட்டர். மீதியெல்லாம் காகிதமும் ரோலரும்.

சேர்த்த படத்தை வைத்துக் குடியிருப்புகளைப் படிக்கும் வேலை பாதியில் நிற்கிறது, ஆனால் இதுவரை தெரிந்ததே ருசியாக இருக்கிறது. சமஉயரக் கோடு (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடு) 20 மீட்டர் இடைவெளி. கேப்பர் மலைப் பக்கம் போனால்தான் பழுப்பு கண்ணில் படும், கடலோரச் சமவெளி வெறுமையாக இருக்கும். அங்கே சரிவைச் சொல்வது ஏரிக்கரைதான். கரை வில்லாக வளைந்திருக்கும். வில்லின் உட்பக்கம் எந்தத் திசையோ அங்கிருந்து தண்ணீர் வருகிறது, வெளிப்பக்கம் நஞ்சை. இங்கே பெரும்பாலும் வில் கிழக்கே குவிந்திருக்கும். ஊர் கரையை ஒட்டி மேட்டில் இருக்கும், நஞ்சையின் நடுவில் இருக்காது.

ஊர்ப்பெயர் விகுதியை வைத்துத் தொழிலைச் சொல்லும் வேலை மட்டும் ஏமாற்றிவிட்டது. குப்பம் என்றால் மீனவர் ஊர், பேட்டை என்றால் சந்தை என்று வண்ணம் தீட்ட ஆரம்பித்தால் நெல்லிக்குப்பம் உள்ளே தள்ளிக் கரும்பாலையோடு நிற்கிறது. சொத்திக்குப்பத்துக்கு விதி பொருந்தும். ஆனால் அதே கரையில் ராசாப்பேட்டையும் சித்திரைப்பேட்டையும் மீனவர் ஊர்கள். சாவடி கொஞ்சம் நம்பலாம்: ரெட்டிச்சாவடி புதுச்சேரிச் சாலை மேலேயே. ஆகவே பெயருக்கு வண்ணம் இல்லை, இடத்துக்குத்தான்: கடலுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே மணல்மேட்டில் நீளவாக்கில் கிடக்கும் ஊர் ஒரு நிறம், ஏரிக்கரைக் கொத்து ஒரு நிறம், சாலையோரச் சரம் ஒரு நிறம். பாலியஸ்டர் ஃபிலிமில் வரையுங்கள். சாதா டிரேசிங் பேப்பர் நம்ம ஊர் ஈரத்துக்கு அலையலையாகிவிடும், மேலே வைத்தால் மூன்று மில்லிமீட்டர் பொய் சொல்லும்.

புதுச்சேரி நகரத்தை இந்த அளவில் படிக்க முடியாது, ஒரே சிவப்புக் கட்டி. அடுத்த திட்டம் அதற்குத்தான்: பிரெஞ்சுக் காலத்து நகர வரைபடம். தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் சந்திப்புகளே புள்ளிகள். நடுவில் ஓடும் வாய்க்காலைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். அளவுகோல் துவாஸ் என்ற பழைய பிரெஞ்சு நீள அளவில் இருக்கும், ஒரு துவாஸ் 1.949 மீட்டர். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு புள்ளியும் வைக்கப் போவதில்லை.

அதற்கு முன் 58 எம்/10-ஐத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். கடைசித் துண்டு 2148 வந்தது அந்தத் தாளில்தான்.