"அமைதியா இருக்கு சார்"

நிலக்காட்சி ஓவியம் ஒன்றைத் திரையில் போட்டு "என்ன தெரியுது?" என்று கேட்டால் எந்த வகுப்பிலும் முதலில் வரும் பதில் "அமைதியா இருக்கு சார்" என்பதுதான். அடுத்தது "இயற்கை". அப்புறம் யாராவது "அழகா இருக்கு" என்பார்கள், அத்தோடு எல்லோரும் கண்ணை எடுத்துவிடுவார்கள். முகம் வரைந்த படம் என்றால் இவர் யார், ஏன் இப்படி முறைக்கிறார் என்று தானாகவே கேள்வி வருகிறது. மலை, மரம், ஆறு என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தின் முன் ஒருவர் செலவழித்த நேரம் சராசரியாக 27 விநாடிதான்.

'அமைதி' தப்பான பதில் இல்லை, கடைசியில் வரவேண்டியது முதலில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது, தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். நிலமும் பொழுதும் முதலில், அந்த நிலத்து விலங்கு, பறவை, மரம், தொழில் எல்லாம் அடுத்து, மனிதருக்குள் நடப்பது அதற்கப்புறம். கவிதைக்காக வகுத்ததுதான், ஓவியத்துக்கு இல்லை, இருந்தாலும் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க இதைவிட வசதியான வரிசை எனக்குக் கிடைக்கவில்லை. மாணவர்கள் ஒரே தாவலில் உரிப்பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை இழுத்து வந்து முதலில் நிலத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

நான் பெரும்பாலும் பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' படத்தில் தொடங்குவேன். அது வியன்னாவில் இருக்கிறது. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஓவியர் பெயர், ஆண்டு, கதை எதையும் முதலில் சொல்வதில்லை, சொன்னால் படத்தை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் கேள்வி, நீ எங்கே நிற்கிறாய்? கொஞ்சம் திணறிவிட்டு யாராவது "மேட்டுல" என்பார்கள். ஆமாம், வேட்டைக்காரர்களுக்குப் பின்னால், அவர்கள் இறங்கப்போகும் சரிவின் உச்சியில். சரி, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழலைத் தேடு. தேடுவார்கள், கிடைக்காது, ஏனென்றால் நிழலே விழவில்லை. வானம் முழுக்க மூடிக்கிடக்கிறது. அப்போதுதான் ஒருத்தி கவனிப்பாள், கீழே உறைந்துகிடக்கும் குளங்களுக்கும் மேலே வானத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நிறம், சாம்பல் கலந்த பச்சை.

அதன் பிறகுதான் கருப்பொருள். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் விட்டுவிடுவேன். முதல் இரண்டு மூன்று நிமிடம் அலுப்பு, செருமல், ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொன்றாக வரும். நாய்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கின்றன. மூன்று பேர் வேட்டைக்குப் போய் வந்திருக்கிறார்கள், முதுகில் தொங்குவது ஒரே ஒரு நரி. இடது பக்கம் விடுதி வாசலில் தீ மூட்டியிருக்கிறார்கள், விடுதிப் பலகை ஒரு பக்கக் கொக்கி கழன்று கோணலாகத் தொங்குகிறது. வலது பக்கம் கீழே நீராலைச் சக்கரம் பனியில் உறைந்து நின்றுபோயிருக்கிறது. தூரத்தில் பனிக்கட்டியின் மேல் எறும்பு அளவில் ஆட்கள், அவர்கள் விளையாடுகிறார்கள்.

இப்போது கேட்டுப்பாருங்கள், அமைதியா இருக்கா? வகுப்பு இரண்டாகப் பிரியும். பசி என்பான் ஒருவன். வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற கவலை என்பாள் இன்னொருத்தி. இல்லை சார், கீழே எல்லோரும் ஜாலியாத்தானே இருக்காங்க என்று மூன்றாவது குரல். எந்தப் பதில் வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இது என் கண்டுபிடிப்பு இல்லை, அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் என்ற இருவர் உருவாக்கிய பயிற்று முறையில் நடுநாயகமான கேள்வி. இதில் ஒரு சௌகரியம், உளறலும் சரியான பதிலும் தாமாகவே பிரிந்துவிடும், நாம் யாரையும் திருத்த வேண்டியதில்லை.

பொழுதைக் கவனிக்கச் சொல்வது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'ஹே வெய்ன்', அதாவது வைக்கோல் வண்டி. ஆற்றில் நிற்கும் வண்டி, கரையில் நாய், குடிசை. நாட்காட்டியிலும் பிஸ்கட் டப்பாவிலும் போட்டுப் போட்டு யாரும் பார்க்காமலேயே போன படம். 1821இல் அவர் அதைக் காட்சிக்கு வைத்தபோது கொடுத்த தலைப்பு 'நிலக்காட்சி: நண்பகல்'. அந்தத் தலைப்பைச் சொல்லாமல் மணி என்ன இருக்கும் என்று கேட்டு வாக்குவாதத்தை வளர்த்துவிட்டு, வண்டி காலியாக இருப்பதையும் வலது ஓரத்தில் தொலைவில் வயலில் வேலை செய்யும் குட்டி ஆட்களையும் அவர்களாகவே கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்தப் படத்தில் இன்னொரு லாபமும் உண்டு. இதே அளவில் அவர் முன்கூட்டி வரைந்த ஒத்திகைப் படம் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நாய்க்குப் பக்கத்தில் குதிரைமேல் ஒரு ஆள். முடித்த படத்தில் அவன் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் எடுத்திருப்பார் என்று கேட்டால், ஓவியர் கண்ணில் பட்டதை அப்படியே வரைபவர் என்ற நினைப்பு அன்றைக்கே உடைந்துவிடும். ஒரு மாணவி சொன்னாள்: "அந்த ஆள் இருந்தா நாம வண்டிகிட்டப் போகவே மாட்டோம் சார்." விமர்சகர் ஒரு பத்தி எழுதிச் சொல்லவேண்டியது.

கருப்பொருள் தேடலில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அது புதையல் வேட்டையாக மாறிவிடும். டர்னர் 1844இல் வரைந்த ரயில் படத்தில் தண்டவாளத்தின்மேல் ஒரு முயல் ஓடுகிறது, இப்போது மங்கிப்போய்க் கண்ணுக்கு எட்டுவதே கஷ்டம். "இதில் ஒரு முயல் இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மழை, நீராவி, பாலம் எதுவும் கண்ணில் படாது, முயல் கிடைத்ததும் படம் முடிந்துவிடும். அதனால் நான் முயலைச் சொல்வதே இல்லை. யாரும் பார்க்காவிட்டால் பரவாயில்லை, போகட்டும். சீனாவின் ஃபான் குவான் சுமார் 1000ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த, ஆள் உயரத்தைத் தாண்டிய மலைப் படத்தில், கோவேறு கழுதைகளுக்குப் பின்னால் இலைகளுக்கு நடுவே அவர் கையெழுத்து இருப்பதை ஆய்வாளர் ஒருவர் கவனித்ததே 1958இல்தான். என் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு முயல் தவறிப்போனால் என்ன!