முகவரிப் பட்டியலும் பைதானின் ரீப்ளேஸும்

தங்கசாலையில் உள்ள ஓர் அச்சகத்தின் வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலைப் பைதான் என்ற நிரல்மொழி கொண்டு சீர்படுத்தும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. வடசென்னையில் பலர் இன்றும் பாரிமுனைக்குச் 'சென்னை-1' என்றும் ராயபுரத்துக்குச் 'சென்னை-13' என்றும் வண்ணாரப்பேட்டைக்குச் 'சென்னை-21' என்றும்தான் எழுதுகிறார்கள். 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை. இவற்றை 600001, 600013, 600021 என முழுமையாக்க வேண்டும்.

ஒரு சொல்லைத் தேடி வேறொன்றாக மாற்றும் ரீப்ளேஸ் கட்டளை இதற்குப் போதாது. 'சென்னை-1' வரும் இடமெல்லாம் 'சென்னை-600001' என்று மாற்றச் சொன்னால், 'சென்னை-13' என்பதன் தொடக்கத்திலும் அதே எழுத்துகள் இருப்பதால், அது 'சென்னை-6000013' என்று ஏழு இலக்கமாகிவிடும். ஆகவே தேட வேண்டிய எழுத்துகளின் அமைப்பை விதியாக எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனே சரியான வழி: 'சென்னை-' என்பதை அடுத்து ஒன்று முதல் மூன்று இலக்கங்கள் வரலாம், அவற்றுக்குப் பின் இன்னோர் இலக்கம் வரக் கூடாது என்று நிபந்தனை வைக்க வேண்டும். கொடுங்கையூர் 118 என்பதால்தான் மூன்று வரை அனுமதித்தேன். அந்த விதிப்படி தேடி மாற்றும் சப் என்ற கட்டளைக்கு மாற்றுச் சொல்லுக்குப் பதிலாக, அந்தச் சொல்லைக் கணக்கிட்டுத் தரும் ஒரு ஃபங்ஷனையே கொடுக்கலாம் என்பது பைதானில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. கிடைத்த எண்ணுக்கு முன்னால் சுழியம் நிரப்பி மூன்று இலக்கமாக்கி, அதன் முன் 600 சேர்த்தால் வேலை முடிந்தது. ஏற்கெனவே 600021 என்று முழுமையாக இருப்பவை நிபந்தனைக்குள் வராததால் அப்படியே நிற்கும்.

தமிழ் எழுத்துகளில்தான் கூடுதல் கவனம் தேவை. பின்கோடே இல்லாத திருவொற்றியூர் முகவரிகளில் ஊர்ப்பெயரைத் தேடி 600019 சேர்க்கும்போது சில வரிகள் மாறாமலே நிற்கும், பிழைச்செய்தியும் வராது. 'வொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு முறையில் 3018 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம்; 3014, 3006 என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ரீப்ளேஸுக்கோ அவை வெவ்வேறு. ஆகையால் தேடுவதற்கு முன்பே பட்டியல் முழுவதையும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்துவிட வேண்டும், அதாவது இப்படி இரண்டு குறிகளாக இருப்பவற்றை ஒரே குறியாக்கிவிட வேண்டும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லின் எல்லையைக் காட்டும் குறியையும் தமிழில் நம்ப முடியாது. அதற்கான பைதானின் ரீ மாட்யூல் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. 'ராயபுரம்' என்பதன் இறுதிப் புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் அங்கே எல்லை இருப்பதாகவே அதற்குத் தெரியாது. அதனால் 'பின்னால் தமிழ் எழுத்து வரக் கூடாது' என்ற நிபந்தனையை நானே எழுதிச் சேர்த்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் இதைச் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ரீப்ளேஸுக்கு வெறும் சொல்லைக் கொடுத்தால் முதலில் வருவதை மட்டுமே மாற்றும். எல்லாவற்றையும் மாற்ற, 2021-இல் மொழியில் சேர்ந்த ரீப்ளேஸ்ஆல் வேண்டும்.

'ராயபுரத்தில்', 'எண்ணூரில்' என்று வேற்றுமை உருபு ஏறி நிற்கும் பெயர்கள் மேற்சொன்ன எதிலும் அகப்படாது. எனவே மாற்றம் எதுவும் நிகழாத வரிகளைத் தனிக் கோப்பில் எழுதி, அச்சகத்தாரிடம் கொடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.