முறிந்த நடை யார் கணக்கில்? ஹார்னஸ் பந்தயத்தில் இடையூறுப் புகார்கள்

2017 ஆகஸ்ட் 5. நியூ ஜெர்சியின் மெடோலேண்ட்ஸ் தடத்தில் மூன்று வயது ட்ராட்டர்களுக்கான (ட்ராட் என்ற நடையில் ஓடும் குதிரைகளுக்கான) ஹாம்பிள்டோனியன் இறுதிப் பந்தயம். ஓட்டுநர் உட்கார்ந்த இரு சக்கர வண்டியைக் குதிரை இழுத்து ஓடும் ஹார்னஸ் பந்தயம் இது. கோட்டை முதலில் கடந்தது வாட் த ஹில். ஆனால் அன்று வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது இரண்டாவதாக வந்த பெர்ஃபெக்ட் ஸ்பிரிட். கடைசி நேர்தடத்தில் கார்டியன் ஏஞ்சல் ஏ.எஸ். என்ற குதிரையின் ஓட்டத்தைக் குலைத்ததற்காக வாட் த ஹில் ஒன்பதாம் இடத்துக்கு இறக்கப்பட்டது.

இப்படியொரு தீர்ப்பைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: தப்பு நடந்தது சரி, இரண்டாம் இடத்துக்கு இறக்கினால் போதாதா? ஒன்பது வரை ஏன் போக வேண்டும்? அமெரிக்க விதியில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. இடையூறு செய்த குதிரையை இறக்குவதென்று முடிவானால், அது யாரை இடைமறித்ததோ அந்தக் குதிரைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குதிரை எங்கே முடித்தது என்பதுதான் தண்டனையின் அளவு. நடுவர்கள் தங்கள் விருப்பப்படி ஒன்றோ இரண்டோ இடம் குறைத்துச் சமாதானம் செய்துவைக்க முடியாது.

பாதிக்கப்பட்ட குதிரை ஏன் அவ்வளவு பின்னால் போகிறது என்பது புரிய, இந்தப் பந்தயத்தின் அடிப்படை தெரிய வேண்டும். சல்க்கி என்பது இரண்டு சக்கர இலகு வண்டி. ரேக்ளா வண்டியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் எளிதில் பிடிபடும். ஆனால் இங்கே குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. ட்ராட்டர் என்றால் இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து போக வேண்டும், அடுத்து மற்ற இரண்டும். பேசர் என்றால் ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து போகும். பெரும்பாலான பேசர்களுக்குக் கால்களை இணைக்கும் ஹாப்பிள் என்ற பட்டை போடுவார்கள், அது நடையைக் காக்கும். ட்ராட்டருக்கு அப்படிப் பிடிமானம் குறைவு. வேகமாகப் போகும்போது முன்னால் ஒரு சக்கரம் திடீரென்று வந்து, ஓட்டுநர் லகானை இழுக்க நேர்ந்தால், ட்ராட்டர் நடை முறிந்து பாய்ச்சலுக்குத் தாவிவிடும். தாவினால் ஓட்டுநர், இடம் இருக்கும்பட்சத்தில், உடனே வெளிப்பக்கம் ஒதுக்கி, வேகத்தைக் குறைத்து, மறுபடி நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்ற எல்லாரும் போய்விடுவார்கள். ஜாக்கி ஏறும் குதிரைப் பந்தயத்தில் ஓர் இடிக்கு அரைக் குதிரை நீளம் போகும். இங்கே அதே இடிக்குப் பந்தயமே போய்விடும்.

எவையெல்லாம் இடையூறு? அமெரிக்க விதிப் புத்தகத்தில் நீளமான பட்டியல் இருக்கிறது. அடிக்கடி வருபவை சில. பக்கத்தில் குதிரை இருக்கும்போது இடமோ வலமோ தடம் மாறி, அந்தக் குதிரையைக் காலடி வீச்சைக் குறைக்க வைப்பது. முன்னால் மிகக் கூர்மையாக வெட்டி நுழைவது. தன் சக்கரத்தை அடுத்த குதிரையின் காலடிக்குள் செருகி நெருக்குவது. சக்கரத்தோடு சக்கரத்தைக் கோத்துக்கொள்வது. வெளிப்பக்கம் வரும் குதிரையைத் தடத்தின் வெளி ஓரம் நோக்கித் தள்ளிக்கொண்டு போவது. முன்னணியில் இருந்துகொண்டு திடீரென்று வேகத்தை அமுக்கிப் பின்னால் வருபவர்களைக் குழப்புவது. இந்தக் கடைசி வகையைத்தான் பார்வையாளர்கள் கவனிப்பதே இல்லை. முன்னால் போகிறவர் ஓரமாக ஒரு அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் தவறு அவருடையதாக இருக்கலாம்.

புகார் கொடுக்கும் முறைக்கு வருவோம். இரண்டு வழி உண்டு. நடுவர்களே பார்த்து எழுப்புவது இன்கொயரி. ஓட்டுநர் எழுப்புவது அப்ஜெக்‌ஷன். ஓட்டுநர் சல்க்கியை விட்டு இறங்குவதற்கு முன்பே தான் புகார் சொல்லப் போவதை நடுவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இறங்கியதும் நேராகத் தொலைபேசிக்கோ நடுவர் மேடைக்கோ போய்ப் பதிவு செய்ய வேண்டும். விபத்தோ காயமோ இருந்தால் மட்டும்தான் விலக்கு. குதிரையைக் குளிப்பாட்டிவிட்டு, பயிற்சியாளரிடம் பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது. பதிவான புகாரைப் பரிசீலித்து முடிக்காமல் ‘அஃபீஷியல்’, அதாவது முடிவு உறுதியானது, என்ற அறிவிப்பை நடுவர்கள் காட்டக் கூடாது. அதுவரை பந்தயச் சீட்டை யாரும் கிழித்துப்போட வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது இதனால்தான்.

தொலைபேசியில் ஓட்டுநர் என்ன சொல்கிறார் என்பது முக்கியம். “அவன் என்னைக் கெடுத்துட்டான்” என்பதில் நடுவருக்கு ஒரு பயனும் இல்லை. நான்கு விவரம் வேண்டும்: எந்த இடத்தில் (முக்கால் மைல் கம்பத்துக்கு முன்னா பின்னா, வளைவிலா நேர்தடத்திலா), எந்த எண் குதிரை, என் கை என்ன செய்தது (லகானை இழுத்தேனா, வெளியே திருப்பினேனா), அதன் பிறகு என் குதிரையின் கால் என்ன செய்தது. இந்த வரிசையில் சொன்னால் நடுவர் வீடியோவை நேராக அந்த இடத்துக்கே ஓட்டுவார். எதிர்த் தரப்பு ஓட்டுநரிடமும் கேட்பார்கள். அவரும் அதே கம்பத்தையே சொன்னால் பாதி வேலை முடிந்தது.

வீடியோவைப் பார்ப்பதுதான் இதில் உண்மையான கலை, பெரும்பாலான சண்டைகளும் அங்கேதான் பிறக்கின்றன. பக்கவாட்டுக் காட்சியில் குதிரைகளுக்கிடையே முன்பின் இடைவெளி தெரியும். பக்கத்துக்கு எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியாது. நேரெதிர்க் காட்சியில் பக்க நகர்வு தெரியும். ஆனால் தொலைவு சுருங்கிவிடும், மூன்று மீட்டர் இடைவெளிகூட ஒட்டிப் போவது போல் தோன்றும். நேரெதிர்க் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு ‘பாருங்கள், அப்படியே அவன் மேல் ஏறிவிட்டான்’ என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். மைலை 1 நிமிடம் 52 நொடியில் ஓடும் குதிரை நொடிக்குச் சுமார் 14 மீட்டர் போகிறது. நொடிக்கு 30 படம் பதியும் வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஏறக்குறைய அரை மீட்டர். ஒரு குதிரை நீளத்துக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலின் வழக்கமான கணக்கு. அதாவது ஆறு படம். வெட்டி நுழைந்தபோது பின்னால் வந்தவருக்கு எவ்வளவு இடம் விட்டார் என்பதை இப்படி எண்ணியே சொல்லிவிடலாம்.

சக்கரங்களை முதலில் பார்க்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்னால் வரும் ஓட்டுநரின் முதுகும் குதிரையின் தலையும். ஓட்டுநர் பின்னால் சாய்கிறார், லகான் விறைக்கிறது, குதிரையின் தலை மேலே தூக்குகிறது, அப்புறம் கால் தடுமாறுகிறது. வரிசை இப்படி இருந்தால் வெளியிலிருந்து வந்த காரணம் ஒன்று இருக்கிறது. கால் முதலில் குழம்பி, அதன் பிறகு ஓட்டுநர் சாய்ந்தால், குதிரை தானாக நடை முறிந்திருக்கிறது. லாடம் கழன்றிருக்கலாம், ஒரு குளம்பு எதிர்க் காலின் முழங்காலில் தட்டியிருக்கலாம், ஹாப்பிளைத் தாங்கும் வார் அறுந்திருக்கலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு குதிரை இருந்தது என்பதற்காக அதன் மேல் பழி போட முடியாது. பந்தயம் முடிந்ததும் பூட்டுச் சாமான்களை, அதாவது குதிரைக்குப் போட்ட வார்களையும் பட்டைகளையும், சோதித்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீரும். அதைச் செய்யாமல் கழற்றி மாட்டிவிட்டால் சாட்சி போய்விடும்.

சங்கிலித் தொடர் விபத்துகள் இன்னும் கடினம். முன்னால் போன குதிரை வேகத்தை அமுக்குகிறது, இரண்டாவது அதன் மேல் முட்டாமல் இருக்க வெளியே திரும்புகிறது, வெளியே வந்துகொண்டிருந்த மூன்றாவதின் முன்கால் இரண்டாவதின் சக்கரத்தில் பட்டு நடை முறிகிறது. மூன்றாவதின் ஓட்டுநர் இரண்டாவதின் மேல்தான் புகார் சொல்வார், ஏனென்றால் அவர் கண்ணில் பட்டது அதுதான். நடுவர் வீடியோவைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும், முறிந்த காலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அசைவுக்கும் முன் அசைவு எது என்று. இரண்டாவதுக்கு வேறு வழி இருந்ததா? நேராகவே இழுத்து நிறுத்த இடம் இருந்தும் வெளியே பாய்ந்தாரா? இருந்தது என்றால் பொறுப்பு அவருக்கும் உண்டு. இல்லையென்றால் முதல் குதிரையோடு நிற்கும். சக்கரம் யாருடையது என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. மோதல் எங்கே தெரிந்தது என்பது வேறு, எங்கே தொடங்கியது என்பது வேறு.

அடுத்தது இழப்பின் கணக்கு. அமெரிக்க விதி, இடையூறு செய்த குதிரையை இறக்க ‘வேண்டும்’ என்று சொல்வதில்லை, இறக்க‘லாம்’ என்கிறது. அதனால் அந்த இடையூறு ஓர் இடத்தையாவது பறித்ததா என்ற கேள்வி வந்துவிடுகிறது. இதற்கு நிகழ்வுக்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளைப் பார்க்க வேண்டும். குதிரை முன்னேறிக்கொண்டிருந்ததா, தளர்ந்து பின்வாங்கிக்கொண்டிருந்ததா? அதன் ஓட்டுநர் ஏற்கெனவே முயற்சியை விட்டுவிட்டாரா? அது கடைசியில் ஐந்தாவது குதிரைக்குக் கழுத்தளவு பின்னால் முடித்திருந்தால், இழந்த அரை நீளம் ஓர் இடத்தைத் தின்றுவிட்டது. பத்து நீளம் பின்னால் முடித்திருந்து, தடுமாறியதும் அரை நீளம்தான் என்றால் ஒன்றும் மாறியிருக்காது. நியூசிலாந்தில் இந்தக் கேள்வியை விதியே வெளிப்படையாக வைக்கிறது: இடையூறு நடக்காமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை மற்றதை வென்றிருக்குமா என்று.

பணத்தில் இது எப்படி விழுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரிசுத் தொகை 10,000 டாலர். அமெரிக்காவில் வழக்கமான பங்கீடு 50, 25, 12, 8, 5 சதவீதம். குதிரைகள் 3, 4, 7, 1, 5, 6 என்ற வரிசையில் முடிக்கின்றன. 4, கடைசி வளைவில் 6-ஐக் கெடுத்தது என்று தீர்ப்பு. புதிய வரிசை 3, 7, 1, 5, 6, 4. நான்காம் எண் 2,500 டாலரை மொத்தமாக இழக்கிறது. ஏழுக்கு 1,200 இருந்த இடத்தில் 2,500. ஒன்றுக்கு 800 போய் 1,200. ஐந்துக்கு 500 போய் 800. கெடுக்கப்பட்ட 6-க்கு? 500. அது வெல்லும் வேகத்தில் வந்துகொண்டிருந்தாலும் அவ்வளவுதான். இறக்குவது தப்பு செய்தவரின் லாபத்தைப் பறிக்கிறது, பாதிக்கப்பட்டவரை அவர் போயிருக்கக்கூடிய இடத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பதில்லை. கிடைக்காத முடிவை ஊகித்து யாருக்கும் இடம் தர முடியாது என்பதால் இந்த வரம்பு சரியானதே என்பது என் எண்ணம், ஆனால் குதிரை உரிமையாளருக்கு இது வலிக்கும் என்பதை மறுக்க முடியாது.

இரண்டு சிக்கலான நிலைமைகள். பாதிக்கப்பட்ட குதிரை டெட் ஹீட்டில், அதாவது இன்னொன்றோடு சமமாக, முடித்திருந்தால், தவறு செய்தது அந்த இரண்டுக்கும் பின்னால் போக வேண்டும். இடையூறால் ஒரு குதிரை பந்தயத்தை முடிக்கவே முடியாமல் போனால், தவறு செய்த குதிரைக்குப் பரிசுத் தொகை எதுவும் இல்லாமல் செய்யலாம்.

நடை முறிவு விதியை இடையூறு விதியோடு குழப்பிக்கொள்வது இன்னொரு பழக்கமான தவறு. நடை முறிந்த குதிரையின் ஓட்டுநர் மூன்றைச் செய்திருக்க வேண்டும்: இடம் இருந்தால் வெளியே ஒதுங்க வேண்டும், நடைக்குக் கொண்டுவர முறையாக முயல வேண்டும், முறிவால் இடத்தை இழந்திருக்க வேண்டும். மூன்றையும் செய்திருந்தால் இறக்கம் இல்லை, ஒரே ஒரு நிலைமையைத் தவிர: கோட்டைக் கடக்கும்போது அது பாய்ச்சலில் இருந்து, சரியான நடையில் வரும் போட்டிக் குதிரை ஒன்று அதன் பின்தொடையை எட்டியிருந்தால். இதற்கு யாரும் யாரையும் இடித்திருக்க வேண்டியதில்லை, போட்டோ ஃபினிஷ் படமே போதும். ஆக ஒரே பந்தயத்தில் இரண்டு தனித்தனித் தீர்ப்புகள் வரலாம், அவற்றைச் சரியான வரிசையில் போடாவிட்டால் இறுதிப் பட்டியல் தப்பாகிவிடும்.

ஓட்டுநருக்கான அபராதமோ தடையோ குதிரையின் இடத்திலிருந்து தனி. ஓட்டுநர் அலட்சியமாக வெட்டினார், ஆனால் யாரும் இடம் இழக்கவில்லை என்றால், குதிரை அதே இடத்தில் இருக்க, ஓட்டுநர் மட்டும் தண்டம் கட்டலாம். மறுபக்கம், குதிரை எதையோ பார்த்து மிரண்டு வெளியே ஓடியது, ஓட்டுநர் லகானை முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார் என்றால், அவருக்குத் தண்டனை இல்லாமல் குதிரை மட்டும் இறக்கப்படலாம். மிரண்டது குதிரை என்பதால் பின்னால் வந்தவரின் இழப்பு குறைந்துவிடாது.

பந்தயத்தைத் தொடங்கிவைக்க முன்னால் போகும் மோட்டார் வண்டிதான் தொடக்க வண்டி. அதன் பின்னால் நடக்கும் இடையூறுக்கு வேறு வழி இருக்கிறது. இருபக்கமும் இறக்கை போன்ற தடுப்புகள் விரித்த அந்த வண்டிக்குப் பின்னால் குதிரைகள் ஓடி வரும்போது, ‘கோ’ சொல்லப்படும் முன் இடையூறு நடந்தாலோ சாமான் அறுந்தாலோ குதிரை விழுந்தாலோ தொடக்குநர் எல்லாரையும் திரும்ப அழைக்கலாம். அங்கே கெட்டதை அங்கேயே சரிசெய்வதுதான் நல்லது. பந்தயம் ஓடி முடிந்தபின் எந்தத் தீர்ப்பாலும் அதை முழுசாகச் சரிக்கட்ட முடியாது.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் மாநிலப் பந்தய ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே பரிசுத் தொகையும் இடமும் மாறலாம். ஆனால் ‘அஃபீஷியல்’ அறிவிப்பு வந்தபின் பந்தயச் சீட்டுகளுக்குக் கொடுத்த பணம் மாறாது. அன்று வாட் த ஹில் மேல் பணம் கட்டியவர்களுக்குக் கணக்கு அன்று மாலையே முடிந்துவிட்டது. பதிவேட்டில் 2017-இன் வெற்றியாளர் இன்றும் பெர்ஃபெக்ட் ஸ்பிரிட்தான்.