கூடைப்பின்னல் அச்சுக்குக் கரை கட்டுதல்: மூன்று துண்டுகளில் செய்து பார்த்தது

தோலில் கூடைப்பின்னல் அச்சு அடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. முதல் வரிசை நேராக விழுந்துவிட்டால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும். ஓரத்தில் அரை அச்சும் கால் அச்சுமாக முடிகிற இடம்தான் வேலையைக் காட்டிக்கொடுக்கும். அதை மூடுவதற்குத்தான் கரை. கடைசியில் அடித்தாலும் அதன் இடத்தை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

தோல் 3 மி.மீ. கனமுள்ள வெஜிடபிள் டேன் (தாவரச்சாற்றில் பதனிட்ட) மாட்டுத்தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோலில் அச்சு நிற்பதில்லை. முடிந்த அளவு 150 × 100 மி.மீ.; வெட்டியது நான்கு பக்கமும் 10 மி.மீ. கூடுதலாக. இருபுறமும் ஸ்பாஞ்சால் நனைத்து, பிளாஸ்டிக் பையில் ஓர் இரவு வைத்து, மறுநாள் பழைய நிறம் ஏறக்குறையத் திரும்பியதும் எடுத்தது. கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர வேண்டும். சரியான ஈரத்தில் அடித்தால் பதிவு அடர்பழுப்பாக விழும். ஈரம் கூடினால் விளிம்பு மழுங்கும், குறைந்தால் பதிவு வெளிறும். இரும்புத்தூள் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. ஈரத்தோலில் உள்ள டானினோடு (பதனிட்ட தாவரச்சாற்றின் துவர்ப்புப் பொருள்) சேர்ந்து மைக்கறையாகிவிடும்.

முதல் துண்டில் பின்னலை முடித்துவிட்டு ஓரக்கோடு கீறியது. தவறு. ஸ்விவல் கத்தி (சுழலும் பிடியுள்ள கீறுகத்தி) ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியதில் கோடு நடுங்கிவிட்டது.

இரண்டாவதில் கோடு முதலில். முடிந்த அளவின் விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே, 1 மி.மீ. ஆழம். தையல் 4 மி.மீ.-இல் வரும் என்பதால் இந்த இடைவெளி. மூலைக்கு 1 மி.மீ. முன்பே கத்தியை எடுத்துவிட வேண்டும். கீறல்கள் ஒன்றையொன்று வெட்டித் தாண்டினால் உலரும்போது வாய் பிளக்கும். பிறகு கோட்டின் உட்புறம் பெவலர் (கீறலின் ஒரு பக்கத்தைச் சரிவாக அழுத்தும் அச்சு). ஒவ்வொரு தட்டுக்கும் அதன் அகலத்தில் பாதிதான் நகர்த்தலாம், இல்லையென்றால் படிக்கட்டுத் தடம் விழும். இதுவரை சரி. ஆனால் பின்னல் அச்சைக் கோடுவரை நிமிர்த்தியே அடித்ததில் நான்கு இடத்தில் தாண்டிவிட்டது. கோட்டுக்கு வெளியே விழுந்த பள்ளத்தை எந்தக் கரை அச்சாலும் மறைக்க முடியாது.

அந்தத் துண்டில் இன்னொரு கோளாறும்: நீளப்பக்கம் நடுவில் 1.5 மி.மீ. வெளியே பிதுங்கியது. அடி வாங்கிய ஈரத்தோல் விரியும். அடி வாங்காத ஓரம் அசையாது. பின்புறம் முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் இது பெருமளவு அடங்குகிறது. மிச்சத்தைச் சமாளிக்கத்தான் அந்த 10 மி.மீ.: அச்சு வேலை முடிந்த பிறகே வெளி அளவை வெட்டுவது.

மூன்றாவது துண்டில் ஓர வரிசைகளுக்கு அச்சின் தலையைக் கோட்டை விட்டு உள்பக்கமாகச் சாய்த்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டியது. உள்பக்கம் ஆழமாகவும் கோட்டுப்பக்கம் தேய்ந்தும் விழும். கோட்டுக்கு 1–2 மி.மீ. முன்பே மங்கினால் போதும். அதன்மேல் கரையாக வரும் கேமோ எனப்படும் அச்சு 6 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரம்; அந்த மங்கலை அதுவே விழுங்கிவிடும். பின்னல் 5 மி.மீ.-க்கு மேல் தள்ளி நின்றால்தான் நடுவே வெறுந்தோல் பட்டையாகத் தெரியும்.

இரண்டாவதில் கேமோவை ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக அடித்துப் போனதில், கடைசியில் 4 மி.மீ. இடம் மிஞ்சி, அரை அச்சைச் செருக வேண்டியதாயிற்று. கணக்குப் போட்டிருந்தால் வந்திருக்காது. நீளப்பக்கக் கோடு 134 மி.மீ. (150-இல் இருபுறமும் 8 போக). நான்கு மூலையிலும் முதலில் 45 பாகையில் ஓர் அச்சு. அது இரு முனையிலும் 5 மி.மீ. எடுத்துக்கொள்ள, நடுவில் 124. இருபது அச்சு என்றால் 4 மி.மீ. மிஞ்சும், 21 என்றால் 2 மி.மீ. இடிக்கும். 21-ஐ எடுத்துக்கொண்டு, டிவைடரை 5.9-க்கு வைத்துப் புள்ளி குத்திவிட்டால் அச்சுக்கு 0.1 மி.மீ. நெருக்கம், கண்ணுக்குத் தெரியாது. குறுக்குப்பக்கம் மூலைகள் போக 74 மி.மீ.-க்கு 12 அச்சு, மிஞ்சும் 2 மி.மீ.-ஐ அதேபோல் பரப்பிவிடலாம். இரு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி அடிப்பது நல்லது. பிசகினாலும் அது நடுவில் சேரும். மூலையில் விழும் பிசகுதான் முதலில் கண்ணில் படும்.

அச்சின் தட்டைப்பக்கம் பெவல் செய்த கோட்டில் சாய்ந்து நிற்க வேண்டும். அடியின் பலமும் ஒரே அளவு: ஒரு முழு அடி, ஒரு சிறு தட்டு. மூன்றாவது அடி கொடுத்த இடமெல்லாம் கறுத்துத் தனியாகத் தெரிகிறது.

ஒரு நாள் நிழலில் உலர்த்தி, டேப்பை மெல்ல உரித்து, கோட்டிலிருந்து 8 மி.மீ. அளந்து வெளிவிளிம்பை வெட்டியது. ஆன்டிக் பேஸ்ட் (பள்ளங்களை இருளாக்கும் நிறப்பசை) பூசுவதற்கு முன் ரெசிஸ்ட் (நிறம் ஊறாமல் தடுக்கும் பூச்சு) இரண்டு கை. அது இல்லாமல் பூசிய முதல் துண்டில் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிட்டன.