பைசன் கிண்டிய கல்

எங்கள் வகுப்பில் சரித்திரப் பாடத்துக்கு நித்திரை கொள்ளாமல் இருந்தவன் ஒரேயொருவன்தான். அவன் இப்போது கனடாவின் சஸ்கற்சுவான் மாகாணத்தில், சஸ்கற்றூன் நகரவாசி. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்துக்கு ரொறன்ரோ வரும் நேரமெல்லாம், "நயாகராவைச் சுத்தினது காணும், எங்கட பக்கம் வா மச்சான்" என்பான். போன ஜூனில் போனேன். நகருக்கு வடக்கே, காரில் கொஞ்ச நேரத்தில் வரும் வானஸ்கேவின் பாரம்பரியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான்.

முதலில் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல், அதற்கு மேல் வானம். கொஞ்சம் நடக்க, நிலம் திடீரென்று உள்ளே இறங்குகிறது. கீழே ஒப்பிமிஹா ஓடை வளைந்து வளைந்து போய்த் தெற்கு சஸ்கற்சுவான் ஆற்றில் விழுகிறது. மேட்டில் காதை அறுத்த காற்று பள்ளத்தில் அடங்கிவிடுகிறது. தண்ணீர் உண்டு, விறகு உண்டு. பனிக்காலத்தில் சனங்கள் ஏன் இங்கே வந்து ஒதுங்கினார்கள் என்று பலகையை வாசிக்காமலே விளங்கும். சமவெளிப் பூர்வகுடிகள் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வந்து தங்கிப்போன இடம் இது. ரீப்பி என்னும் கூம்புக் கூடாரங்களின் ஓரத்தை அழுத்தி வைத்த கற்கள் இன்னும் வட்டம் வட்டமாகப் புல்லுக்குள் கிடக்கின்றன. பைசன் என்னும் வட அமெரிக்கக் காட்டெருதுகளின் மந்தையைக் கலைத்து ஓட்டி விழுத்திய சரிவும் இருக்கிறது. குதிரையும் துப்பாக்கியும் வருமுன்னரே, மந்தையின் குணத்தை அறிந்து செய்த வேலை.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேறு கதையில். தொல்லியலாளர் ஏர்னி வோக்கர் 1980களின் தொடக்கத்திலிருந்தே இந்த நிலத்தை ஆராய்ந்து வருபவர். பூங்கா 1992இல் திறந்தது. இங்கிருந்து அழிந்துபோன பைசனை 2019 டிசம்பரில்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பைசனுக்கு மண்ணில் புரளும் பழக்கம். அவை புரண்டு புரண்டு புல் அழிந்த இடத்தில், அடுத்த ஆண்டே ஒரு பாறையின் தலை வெளியே தெரிந்தது. அதில் ஒரு வெட்டுக்கோடு. ஏதோ உரசிய காயம் என்றுதான் வோக்கர் முதலில் நினைத்தாராம். மண்ணைத் துடைக்கத் துடைக்க வரிசையாக இன்னும் கோடுகள்: பைசனின் விலா எலும்புகள்! அதோடு சேர்த்து நான்கு செதுக்குக் கற்கள் கிடைத்தன. செதுக்கிய கல் கத்தியும் பக்கத்திலேயே கிடந்தது. நாற்பது வருடமாக ஆட்கள் மேலே நடந்து திரிந்த நிலம்! பைசனைச் செதுக்கிய கல்லைப் பைசனே வந்து கிண்டி எடுத்திருக்கிறது.

எங்கள் சரித்திர மாஸ்டர் யாழ்ப்பாணத்தின் தொல்லியல் இடமான கந்தரோடைக்குச் சைக்கிளில் கூட்டிப்போன நாளும் நினைவுக்கு வந்தது. "குனிஞ்சு பாருங்கோடா" என்று அவர் கத்தினார். எங்களுக்கோ திரும்பி வரும் வழியில் வாங்கப்போகும் ஐஸ்பழத்தில் கவனம். என் நண்பன் மட்டும் ஒரு மட்பாண்ட ஓட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றான்.

கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் பனொக் ரொட்டி சுட்டுக்கொண்டு நின்றார்கள். சொல்லிக்கொடுத்தது ஒரு பூர்வகுடிப் பெண். எங்கள் பள்ளிக்கூடத்தை ஆசையோடு நினைத்து நாங்கள் நினைவு மலர் வெளியிடுகிறோம். ஆனால் இதே மாகாணத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் அடித்த வதிவிடப் பள்ளிகளும் இருந்தன. அவற்றில் கடைசியானது மூடப்பட்டது 1996இல்தான். ரொட்டி சுட்ட பிள்ளைகளின் சிரிப்புக்கு நடுவில் இதை நண்பன் சொன்னபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கக் கனடா இந்த இடத்தை 2017இல் முன்மொழிந்திருக்கிறது. பெயர் பெற்றுச் சனம் கூடுமுன் போய்விடுங்கள். நீளக் காற்சட்டை போடுங்கள், புல்லில் உண்ணி உண்டு.