புலத் ஹபயாவுக்கு நிழல் வேண்டும்

இலங்கை மலையகத்தின் கினிகத்தேனைக்குக் கீழே, களனி கங்கையை நோக்கி இறங்கும் ஓடைகளில், விரல் நீளமே வளரும் மீன் ஒன்று உண்டு. உடலின் குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள் இருக்கும். சினைக்காலத்தில் ஆண்மீனின் பின்னுடல் இருண்டு, தலை செக்கச் சிவந்துவிடும். அதனால்தான் சிங்களத்தில் அதனைப் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை மெல்பவன், என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தின் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளான நாங்களும் அப்படியே சொல்லி வளர்ந்தோம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படாத இம்மீன், வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்காக நெடுங்காலம் ஓடைகளிலிருந்தே அள்ளப்பட்டு வந்தது.

ஓடையில் கை வைக்காமல் வளர்க்கவேண்டும் என்ற எண்ணத்துடன், உரிமம் பெற்ற வளர்ப்பாளர் ஒருவரிடம் இருபது மீன்கள் வாங்கி, வீட்டின் பின்புறம் புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் விட்டேன். நான்கு நாட்களில் பதினான்கு செத்து மிதந்தன. புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் காரமாக்கிவிடும் என்பதும், இவை சற்றே அமிலத்தன்மை கொண்ட மென்னீரில் வாழ்பவை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பா தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வெயில்ல அந்த மீனக் கண்டிருக்கியா தம்பி?"

கண்டதில்லை. மரம் கவிந்த இடத்தில், உதிர்ந்த இலைகளுக்கு மேலேதான் அவை கூட்டமாக நிற்கும். அப்பாவின் சொற்படி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு இரண்டு வாரம் ஊறவிட்டு, நீரை இருமுறை மாற்றி, கொட்டம்பா என்னும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலைகளை இட்டு, மேலே தென்னோலை வேய்ந்தேன். தேயிலைச் சாயம்போல் நீர் நிறம் மாறிய பிறகே எஞ்சிய ஆறு மீன்களையும் மீண்டும் விட்டேன்.

ஒரு விடியலில் ஆண்மீன் ஒன்று தலை சிவந்து, பெண்மீனைப் பாசிக்கொத்துக்குள் விரட்டிக்கொண்டிருந்தது. கடுகிலும் சிறிய முட்டைகள் பாசியில் ஒட்டியிருந்தன. பெற்ற மீன்களே அவற்றைத் தின்றுவிடும் என்பதால், பாசியைக் கொத்தோடு எடுத்து வேறு வாளியில் வைத்தேன். ஏறத்தாழ ஒரு நாளில் குஞ்சுகள் பொரித்தன. அவை நீந்தத் தொடங்கியதும் வைக்கோல் ஊறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்களை ஊட்டினேன். அவித்த முட்டை மஞ்சட்கரு வேண்டாம் என்பது என் அனுபவம். எஞ்சுவது அழுகி நீரைக் கெடுத்துவிடுகிறது.

இந்தக் குஞ்சுகளை ஓடையில் விடும்படி பலர் சொல்கிறார்கள். எந்த ஆற்று வழி வந்தவை என்று அறியாமல், தொட்டி நோயையும் சேர்த்துக் கொண்டுபோய் விட எனக்கு மனமில்லை. ஓடைக்குத் தேவை வேறு. கரையில் நின்ற மரங்கள் வெட்டுப்பட்ட வளைவில் இன்று ஒரு மீனும் இல்லை. அதற்குச் சற்று மேலே, களைமருந்து அடித்த டாங்கிகளைக் கழுவுகிறார்கள். அவர்கள் எங்கள் லயத்து ஆட்கள்தான். தண்ணீர் விழும் பீலியடியில் ஒரு குழி வெட்டித் தருகிறேன், அங்கே கழுவுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள்.