ஆனி டிஃப்ராங்கோ: ஒட்டு நகமும் தளர்ந்த கம்பிகளும்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1970-ல் பிறந்த ஆனி டிஃப்ராங்கோ, சிறுமியாக இருந்தபோதே மதுக்கூடங்களில் கிட்டாரோடு பாடத் தொடங்கியவர். 1990-ல் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். ரைட்டியஸ் பேப் அவருடைய சொந்த லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம். பெரிய கம்பெனிகளுக்குப் பிடிகொடுக்கவே இல்லை.

அவர் பாணியைப் புரிந்துகொள்ள வலது கையைப் பாருங்கள். விரல்நுனிகளில் ஒட்டு நகம், அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். கம்பியை மீட்டுவதோடு நிற்காமல் அறைந்தும் சுண்டியும் வாசிப்பார். கிட்டாரே தாளவாத்தியம் ஆகிவிடும். வெறும் நகம் எஃகுக் கம்பியில் சீக்கிரம் தேய்ந்து பிளந்துவிடும், அதனால்தான் இந்தக் கவசம். டேப்பை இறுக்கிச் சுற்றினால் விரல் மரத்துப்போகும். தளர விட்டால் பாதிப் பாட்டில் நகம் பறந்துவிடும்.

சுருதியையும் வழக்கப்படி வைப்பதில்லை, பாட்டுக்குப் பாட்டு மாற்றுவார். மிகத் தடித்த, தாழ்ந்த சுரம் தரும் அடிக்கம்பியை ஈ என்ற சுரத்திலிருந்து சி-க்கு, அதாவது 4 அரைச்சுரம் இறக்கிப் பாருங்கள்: இழுவிசை குறைந்து, அழுத்தி அறையும்போது கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) மோதி இரையும். கொஞ்சம் தடித்த கம்பி போட்டால் சரியாகும். ஆனால் கிட்டார்க் கழுத்தின் வளைவையும், கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டு என்ற துண்டின் பள்ளத்தையும் மறுபடி பார்த்துச் சரிசெய்தே ஆகவேண்டும்.